பெயர் எழுதும் கட்டம்

செவ்வாய்ச் சந்தைக்கு இன்னும் மூன்றே நாள்.

தேவாலயத்தின் தகரக் கூரைக்குக் கீழே பதினொரு விதவைகள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பிழைப்புக்கென்று சபை வாங்கிய சாமான்கள் மேடையருகே இருந்தன. கோழிக் கூண்டுகள், ஒரு தையல் இயந்திரம், மணிகள் நிறைந்த டப்பாக்கள்.

கடைசியில் இருந்தவை சிமலோய்க்கு. ஒரு கரி அடுப்பு, பெரிய கெட்டில், நான்கு ஃபிளாஸ்க், அரை மூட்டை சர்க்கரை.

பிசில் ஊர் மாட்டுச்சந்தையின் வாசலில் அவள் டீ விற்கப் போகிறாள். வேலியோரம் இடம் பேசிவிட்டாள். ஆறு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டாள். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. டீ விற்றால் போவார்கள்.

"இவ டீயைக் குடிச்சா மாடு விக்க வந்தவன் மாட்டை மறந்துட்டு வீட்டுக்குப் போயிடுவான்" என்றாள் பின்பெஞ்சுக்காரி.

"அப்ப அந்த மாட்டை நீ ஓட்டிட்டு வந்துடு" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள்.

சிமலோயும் சிரித்தாள். பதினான்கு மாதத்தில் முதல் தடவை.

அவளோடு மாமியார் நைசியே வந்திருந்தாள். கணவன் வீட்டிலிருந்து ஒருவர் வந்து, அவன் இறந்தது உண்மை என்று கைநாட்டு வைக்க வேண்டும். புருஷன் உயிரோடு இருப்பவளுக்கு இங்கே ஒரு கரண்டி சர்க்கரைகூடக் கிடையாது.

இந்தப் பட்டியலில் சிமலோயைச் சேர்க்கச் சொல்லி பாஸ்டர் வீட்டுக்கு மூன்று முறை நடந்தவள் நைசியே.

சாவுச் செய்தியைக் கொண்டுவந்தவளும் அவள்தான். மகன் கடற்கரை நகரத்துக்குக் காவல் வேலைக்குப் போய் அப்போது மூன்று வருடம். காய்ச்சலில் போய்விட்டான், அங்கேயே புதைத்துவிட்டார்கள் என்றாள். சிமலோயின் காதுகளிலிருந்து, கல்யாணமானவள் அணியும் பித்தளைச் சுருள்களைத் தன் கையால் கழற்றினாள். பாலும் தண்ணீரும் தெளித்துத் தலையை மழித்தாள். நாள் முழுக்க அவளை மடியில் போட்டுக்கொண்டாள்.

பிள்ளையை இழந்த தாயும் கழற்ற வேண்டிய தன் மணிமாலைகளை மட்டும் அவள் கழற்றவில்லை. பெற்றவள் துக்கத்தில் மறந்திருப்பாள் என்று யாரும் கேட்கவில்லை.

செத்தவரின் பெயரை அந்த ஊரில் யாரும் வாயால் சொல்வதில்லை. பெற்றவளும் சொல்லமாட்டாள். அதே பெயர் இருந்ததால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அந்த வாரமே வேறு பெயர் வைத்தார்கள்.

பாஸ்டராக இருந்தால் பெயர்களை யாரையும் கேட்காமல் அவரே எழுதிவிடுவார். இன்று அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக மேசையில் எழுத உட்கார்ந்திருந்தவர் நைரோபியிலிருந்து வந்த முட்டிசோ. சுவாஹிலியில்தான் பேசினார். இந்த ஊர்ப் பேச்சும் தெரியாது, வழக்கமும் தெரியாது.

மற்றவர்கள் கணவனின் அடையாள அட்டையை மேசைமேல் நகர்த்திவிட்டு வாய் திறக்காமல் நின்றார்கள். சிமலோயிடம் அட்டை இல்லை. அது அவனோடு போய்விட்டது.

"இறந்தவர் பேரு?"

"என் பிள்ளைங்களோட அப்பா."

"அப்படி எழுத முடியாதும்மா. பேருன்னு இங்க ஒரு கட்டம் இருக்கு பாருங்க."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிமலோய் தரையைப் பார்த்தாள்.

முட்டிசோ நைசியேயின் பக்கம் திரும்பினார். அவள் கைநாட்டுக்காகக் கட்டைவிரலை மையில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க. உங்க மகன் பேரென்ன?"

"சிரோங்கா" என்றாள் நைசியே. "என் மூத்தவன்."

தயக்கமே இல்லை. மேய்ச்சலில் நிற்கிறவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல்.

முட்டிசோ எழுதினார்.

சிரிப்பு நின்றுவிட்டது. பின்பெஞ்சுக்காரி போர்வைத் துணியை வாய்க்கு மேல் இழுத்துக்கொண்டாள். கூண்டுக்குள் கோழிகள் மட்டும் கிளறிக்கொண்டிருந்தன.

நைசியேயின் கட்டைவிரல் காகிதத்துக்கு மேலே நின்றது. கீழே இறங்கவில்லை.

அவளுடைய மறு கை மார்பில் இருந்த துணி முடிச்சைப் பற்றியது. அதற்குள் அவள் கைபேசி இருந்தது. அது அடித்தால், பால் கறந்துகொண்டிருந்தாலும் பாதியில் எழுந்து முள்வேலிக்கு வெளியே போவாள். வீட்டுக்குள் சரியாகக் கேட்பதில்லை என்பாள்.

"அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றார் முட்டிசோ. "விரலை வைங்கம்மா. நீங்க அடுப்பை எடுத்துக்கோங்க."

சிமலோய் அடுப்பைப் பார்க்கவில்லை. அவள் கை வெறும் காதைத் தடவிக்கொண்டிருந்தது.

முட்டிசோவுக்குப் புரியாத தங்கள் மொழியில், மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை, அவரு உங்ககிட்ட கடைசியா எப்ப ஃபோன்ல பேசினாரு?"