அண்ணன் பேசுகிறேன்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அனுப்பியாகிவிட்டது என்றாள் குடும்ப டாக்டரின் கிளினிக்கில் இருந்த பெண்.

வரவே இல்லை என்றாள் மனநல டாக்டரின் கிளினிக்கில் இருந்த பெண்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. மேலாளருக்கு அதுதான் எரிச்சல். யாராவது ஒருத்தி பொய் சொன்னால் பிடித்துவிடலாம்.

ஒரு பார்சல் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு மேலாளர் அவர். இங்கே ஏற்றியாச்சு என்பார்கள், அங்கே இறங்கவில்லை என்பார்கள். நடுவில் மாயமான சரக்கைத் தேடிப் பிடிப்பதுதான் பிழைப்பு. போன வருடம் மூன்று பேர் உட்காரும் சோபாவையே தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவர். ஒரு ரிப்போர்ட், அதுவும் ஒரே ஊருக்குள், கிடைக்காமலா போய்விடும்?

சாப்பாட்டு நேரம். அறைக் கதவைச் சாத்திவிட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, மறுபடியும் போனை எடுத்தார்.

விஷயம் இதுதான். மனநோய்க்குத் தருகிற ஒரு மாத்திரை; அதைச் சாப்பிடுகிறவர்கள் மாதாமாதம் ரத்தம் கொடுத்தாக வேண்டும். வெள்ளை அணுக்கள் குறையவில்லை என்று தெரிந்தால்தான் அடுத்த மாத மாத்திரை. ரத்தம் எடுப்பது குடும்ப டாக்டர். பார்த்துவிட்டுச் சரி சொல்ல வேண்டியவர் மனநல டாக்டர். அவர் சொன்னால்தான் மருந்துக் கடைக்காரர் மாத்திரையைக் கண்ணில் காட்டுவார். கேட்டால் அனுப்புகிறோம் என்பார்கள் இவர்கள். அனுப்பினால் பார்க்கிறோம் என்பார்கள் அவர்கள்.

மாதம் தவறாமல் இந்தக் கூத்துதான். ஆனால் இன்று வெள்ளிக்கிழமை. இனி திங்கட்கிழமைதான் திறப்பார்கள்.

மனநல டாக்டரின் கிளினிக்கில் அதே பெண்தான் எடுத்தாள். குரலைக் கேட்டதுமே, சொல்லுங்க அண்ணன் சார் என்றாள். அங்கே அவருக்கு அதுதான் பெயர்.

தம்பிக்கு இன்று ராத்திரிக்கு மட்டும்தான் மாத்திரை இருக்கிறது என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இரண்டு நாள் விட்டுப்போனால் பழைய அளவைத் தொட முடியாது, குறைந்த அளவிலிருந்து மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கும் என்றார். முன்பு ஒரு தடவை அப்படி ஆகியிருக்கிறது. ராப்பகலாகத் தூக்கமில்லாமல், அறையில் இல்லாதவர்களின் பேச்சுக்கெல்லாம் தம்பி பதில் சொல்லிக்கொண்டிருந்ததையும், நல்ல வேலை ஒன்று கைவிட்டுப் போனதையும் சொன்னார்.

அந்தப் பெண் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. வந்திருந்தால் ஒளித்து வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் சார் என்றாள்.

மேலாளர் சண்டைக்குப் போகவில்லை. சண்டை போட்டு எந்தப் பார்சலும் வந்ததில்லை. வந்ததா என்று கேட்பதை விட்டுவிட்டு, வந்து யாரும் பிரிக்காமல் கிடப்பது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். இங்கே இருந்த பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போய் மூன்று வாரமாகிறது, அவர் பெயருக்கு வரும் மெயிலை யாரும் திறப்பதில்லை என்றாள். திறந்து பார்க்க முடியுமா என்று இவர் கேட்டார்.

திறந்தாள். தம்பியுடையது மட்டுமில்லை, ஊரில் உள்ளவர்கள் ரிப்போர்ட்டெல்லாம் அங்கே குடியிருந்தது.

இப்போதிருக்கும் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். அணுக்களெல்லாம் சரியாக இருக்கின்றன, மருந்துக் கடைக்கு இப்போதே எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் டாக்டர் ஒன்று சொல்லியிருக்கிறார்: பேஷன்ட்டிடம் நேரடியாக ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பக் கூடாது.

"தம்பி பக்கத்துல இருக்காரா சார்? அவர்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன்."

மேலாளர் போனை மேசைமேல் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

பிறகு போனை எடுத்து, ஹலோ என்றார்.

குரலை மாற்ற வேண்டியிருக்குமோ என்று பயந்திருந்தார். தேவைப்படவில்லை. அவளே தன் குரலை மாற்றிக்கொண்டாள்.

"தம்பி... காய்ச்சல், தொண்டை வலி ஏதாச்சும் இருக்காப்பா? நல்லா தூங்குறியா?"

சோற்றைப் பிசைந்து ஊட்டுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். சற்று முன்புவரை வாய்க்கு வாய் சார் போட்டவள். அவருடைய வயதில் பாதிகூட இருக்காது.

காய்ச்சல் இல்லை, வலி இல்லை, நன்றாகத் தூங்குகிறேன் என்றார். அப்படியே அண்ணன் குரல் என்று அவள் வியந்தாள்.

முதல் மாதம் அவர் தன் பெயரைச் சொல்லித்தான் பேசினார். அன்றும் அவள் இதே ஊட்டுகிற குரலில்தான் பேசினாள். ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை. வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் போனைக் கொடுக்கச் சொன்னாள். நாற்பத்தாறு வயது, ஒண்டிக்கட்டை, கூடப்பிறந்தவர் என்று ஒருவரும் கிடையாது. அவர் யாரிடம் கொடுப்பார்? அடுத்த தடவை அண்ணன் பேசுகிறேன் என்றார். அதிலிருந்து கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது.

"இப்படி ஒரு அண்ணன் கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும் தம்பி. அவர் சொல்றபடி கேட்டு நடந்துக்கணும், சரியா?"

சரிங்க என்றார். அவமானமாகத்தான் இருந்தது. மாத்திரை வந்துவிடும் என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது.

மருந்துக் கடைக்கு எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்று கேட்டார்.

அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. போனை அண்ணனிடம் கொடுக்கச் சொன்னாள்.

ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போன் மாற எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார் அண்ணன்.