பிளாஸ்திரிக்கு அடியில்

“இந்த மெஷின் பொய் சொல்லுமாம்மா?” இன்சுலின் பம்பை முதன்முதலாக மாட்டிய அன்று மகள் கேட்டாள். “மனுசங்கதான்டி சொல்லுவாங்க” என்று சிரித்தாள் செண்பகவல்லி.

இன்று மகளின் ரத்தச் சர்க்கரை நானூறை விட்டு இறங்கவே இல்லை. பம்போ மருந்தெல்லாம் போனதாகக் காட்டியது. எதையும் தின்னவில்லை என்று மகள் சத்தியம் செய்தும் நம்பாமல், செண்பகவல்லி எதிர்வீட்டு ஜெபமணியக்காவிடம் போய், “எம்புள்ளைக்குப் பாயாசம் ஊட்டிக் கொல்லப் பாக்கியளா?” என்று கத்தினாள்.

“பச்சத்தண்ணிகூடக் குடுக்கலையே தாயி” என்றாள் அவள்.

திரும்பிவந்து பம்பின் பிளாஸ்திரியை உரித்த செண்பகவல்லி விக்கித்துப்போனாள். தோலுக்குள் இருக்கவேண்டிய குழாய் வெளியே மடங்கிக் கிடந்தது. மருந்தெல்லாம் பாவாடையில் ஊறியிருந்தது. ஊசியில் மருந்தேற்றிப் போட்டாள். சர்க்கரை இறங்கும்வரை மகளின் பாதத்தைப் பிடித்தபடியே இருந்தாள்.

விடியுமுன் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. வெளியே ஒருவரும் இல்லை. முட்டிவலிக்கார ஜெபமணியக்காவின் காலிக்குடங்களை எடுத்துவந்து முதலில் நிரப்பி, அவள் வாசலில் சத்தமில்லாமல் இறக்கிவைத்தாள்.