துரு மருந்து நாற்றம்

அவர் வாசற்படியில் கால் வைத்ததுமே மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அங்கயே நில்லுங்க! நாத்தம் ஆளைத் தூக்குது. முதல்ல போய்க் குளிங்க!"

எண்ணெய்க் கிணற்றுக் குழாய்கள் துருப்பிடிக்காமலிருக்க ஊற்றுகிற மருந்து அது; அழுகின மீன் மாதிரி நாறும். திட்டு வாங்கியும் அவருக்கு வாயெல்லாம் பல்.

சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்தார். மனைவி மிரண்டுபோய்ச் சுவரோரம் ஒதுங்கினாள்.

"யாருங்க நீங்க? எங்க வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வர்ற நேரம். அவர் வந்தப்புறம் வாங்க."

"சரிங்கம்மா."

கொல்லைப்புறம் போய், ஓய்வுபெற்ற அன்று கேட்டு வாங்கிவந்த மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் மிச்சம். சட்டையில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு, வாசல் பக்கம் சுற்றிவந்து கதவைத் தட்டினார்.