முப்பத்திரண்டாம் எண் மரம்

மாலை மணி நான்கு இருபது. மேகம் கவிந்திருந்தது, மழை இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னை ஓலைகளை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே ரசாக்கின் தோப்பில், மஞ்சளாகிப்போன நாற்பது மரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தார் கரோலின். தென்னை நோய்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்ற வேளாண் அதிகாரி அவர்.

"வெட்டிப்போடலாமுங்களா, விட்டு வெக்கலாமுங்களா? நாளைக்கு ஆறு மணிக்கு ஆளுங்க மெஷினோட வாராங்க," என்றார் ரசாக்.

"தெரியலீங்க," என்றார் கரோலின்.

ரசாக்கின் மனைவி தாஜுன்னிசா சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, கேட்டீங்களா? டாக்டர் பட்டம் வாங்குனவங்களுக்குத் தெரியலையாமா! நம்ம ஆட்டுக்குட்டியக் கேட்டிருந்தாத் தலையாச்சும் ஆட்டியிருக்கும்."

"தாஜு, சும்மா இரு."

கரோலின் கோபப்படவில்லை. "ஓலையும் வேரும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பணுமுங்க. முடிவு வர இருபது நாளாகும்."

"அதுக்குள்ள மத்த மரத்துக்குப் பரவிப்போச்சுன்னா? எங்களுக்குச் சோறு போடறது இந்த நூத்தம்பது மரந்தானுங்க," என்றார் ரசாக்.

"பரவலாமுங்க. நோயே இல்லாம, வெறும் சத்துக்குறையாவும் இருக்கலாம். அப்படின்னா வெட்டறது வீண். எதுன்னு பார்த்த மாத்திரத்துல சொல்ல என்னால முடியலீங்க."

"பன்னெண்டு வருசத்துக்கு முன்னால முடிஞ்சுதுங்களே, மேடம்?"

கேட்டவர் தாஜுன்னிசா. அவருடைய சிரிப்பு நின்றிருந்தது.

"அப்பத்தான் வேலைக்குச் சேர்ந்து வந்தீங்க. அஞ்சே நிமிசம். அடித்தண்டு அழுகல்னு சொல்லி, முப்பத்திரண்டு மரத்துல சிவப்புப் பெயிண்ட்டுல நம்பர் போட்டு, வெட்டுங்கன்னீங்க. அங்க கிழக்கால சோளத்தட்டு நிக்குது பாருங்க, அதுதான் அந்த எடம். கம்மியாப் படிச்சப்ப எல்லாந் தெரிஞ்சுது. நெறையாப் படிச்சதும் ஒண்ணுந் தெரியலீங்களா?"

கரோலின் சோளத்தட்டைப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரிதானுங்க, அக்கா. அன்னைக்கு எனக்கு நல்லாத் தெரிஞ்சது ஒரே ஒரு நோய்தான். அதனால மஞ்சளா நின்னதெல்லாம் அந்த நோயாத் தெரிஞ்சுது. இப்ப, ஓலை மஞ்சளாகறதுக்குப் பதினாலு காரணம் தெரியும். தெரியாத காரணம் இன்னும் எத்தனைன்னு தெரியாது."

"அப்ப அந்த முப்பத்திரண்டு மரம்?"

"அதுல எத்தனைக்கு நோய் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. வெட்டுன அன்னைக்கு வந்து அடிக்கட்டையைப் பார்த்திருக்கணும். அழுகல் இருந்திருந்தா உள்ளே பழுப்பாத் தெரிஞ்சிருக்கும். நான் வரலை. நான் சொன்னது தப்பா இருக்கும்னு அப்ப எனக்குத் தோணவே இல்லை. மாத்தலாகிப் போய், மேல படிக்கப் படிக்க, இந்தத் தோப்புத்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. இப்ப உங்க விண்ணப்பம் வந்ததும், இந்த வேலையை நானே கேட்டு வாங்கிட்டு வந்தேனுங்க."

கையில் பிடித்திருந்த உருப்பெருக்கியைப் பைக்குள் வைத்தார் கரோலின்.

தாஜுன்னிசா ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தார். இந்த அம்மா மறுபடியும் ஒருநாள் இங்கே வரட்டும் என்று பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தை அது. ரசாக் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ வெக்கறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார் தாஜுன்னிசா.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மெஷினோடு வந்த ஆட்களை, "இருபது நாள் போகட்டுமுங்க, சொல்லி அனுப்பறேன்," என்று திருப்பி அனுப்பினார் ரசாக்.

ஆறரைக்குக் கரோலின் வந்தார். மஞ்சள் மரங்களில் ஓலையும் வேரும் எடுத்துப் பைகளில் போட்டு எண் எழுதினார்.

"ஒப்பிட்டுப் பார்க்க, நல்லா இருக்கற மரத்து ஓலை ஒண்ணு வேணுமுங்க."

மோட்டார் ரூமுக்குப் பின்னால், சோளத்தட்டின் ஓரத்தில் ஒற்றையாய் ஒரு மரம் நின்றது. தோப்பிலேயே அதுதான் நல்ல பச்சை. சுற்றிலும் குலை தள்ளியிருந்தது.

"அங்க வேண்டாமுங்க, முள்ளுக் கெடக்குது," என்று தாஜுன்னிசா சொல்லி முடிப்பதற்குள் கரோலின் அதன் அடிக்குப் போயிருந்தார்.

மார்பளவு உயரத்தில், மங்கிய சிவப்பில், அவருடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தது: 32.

"இது..."

"கடைசி மரமுங்க. அன்னைக்குப் பொழுது போயிருச்சுன்னு ஆளுங்க கெளம்பிட்டாங்க. பொறவு நாங்களும் மறந்துபோட்டோம்," என்றார் தாஜுன்னிசா.

கரோலின் அந்த எண்ணின் மேல் கையை வைத்தபடி நின்றார். பிறகு திரும்பினார்.

"மத்த முப்பத்தொண்ணு? வெட்டும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்களா, அக்கா? உள்ளே அழுகியிருந்துச்சுங்களா?"

ரசாக் மனைவியைப் பார்த்தார். அன்று அவர் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்தார். கூட இருந்து பார்த்தவர் தாஜுன்னிசா மட்டும்தான்.

"தெரியலீங்க, அம்மணி," என்றார் தாஜுன்னிசா.

அன்று முப்பத்தோரு அடிக்கட்டைகளையும் கையால் தடவிப் பார்த்து, ஒன்றில்கூட அழுகல் இல்லை என்று கண்டு, முப்பத்திரண்டாவது மரத்தின் மேல் ரம்பம் படாமல் குறுக்கே நின்று மறித்தவர் அவர்தான்.