இடது பக்க முடிச்சு

வெர்னா பேலர் இயந்திரத்துக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கடைசி பேரிங்கைத் தட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது, கொட்டகைக் கதவு கிரீச்சிட்டுத் திறந்தது.

"கதவைச் சாத்து டுவெயின். மின்னசோட்டா முழுசுக்கும் நான் ஒருத்தி அடுப்பு எரிக்க முடியாது."

பூட்ஸை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். பக்கத்துப் பண்ணைக்காரன்.

ஜனவரி பிறந்து மூன்று வாரம். புல் அறுக்கும் கத்திகளைத் தீட்டியாயிற்று. டிராக்டருக்கு எண்ணெய் மாற்றியாயிற்று. கழன்று தொங்கிய கேட்டுக்குப் புதுக் கீல் போட்டாயிற்று. புல்லைக் கட்டுக் கட்டாகக் கட்டித் தள்ளும் இந்தப் பேலர்தான் பாக்கி.

கணவர் ஆர்லன் அக்டோபரில் இறந்துபோனார். குளிர்கால வேலைகள் அவருக்காக நிற்கவில்லை.

டுவெயின் அடுப்புப் பக்கம் நகர்ந்து தொண்டையைச் செருமினான். ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தான் போல.

"புல்வெளியை எனக்குக் குத்தகைக்கு விட்டுடுங்க வெர்னா. இந்த மெஷினை இரும்புக்குப் போட்டுடுங்க. கயிறு முடியுற அந்த முடிச்சுப் பெட்டியைத் தொடத் தெரிஞ்சவர் இந்த வட்டாரத்துலயே ஆர்லன் ஒருத்தர்தான். என்னோடதையும் இருபது வருஷமா அவர்தானே பார்த்தார்?"

நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வெர்னா வெளியே ஊர்ந்து வந்தாள். முடிச்சுப் போடும் அலகு, பறவை மூக்கு மாதிரி வளைந்த இரும்பு, விரல் நீளம்கூட இருக்காது. அதில் துரு இருந்த இடத்தை உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். மறுபடி ஓர் இழுப்பு. சணல் கயிற்றைக் கோத்தாள்.

"அந்தச் சக்கரத்தைச் சுத்து."

சுற்றினான்.

ஊசி எழுந்தது. அலகு ஒரு சுற்றுச் சுற்றி வாயைத் திறந்து மூடியது. கத்தி வெட்டியது. முடிச்சு விழுந்தது.

டுவெயின் அதை இழுத்துப் பார்த்தான். கையில் சுற்றிக்கொண்டு முழுப் பலத்தோடு இழுத்தான். அசையவில்லை.

"இன்னொரு தடவை," என்றான்.

ஐந்து தடவை சுற்றினான். ஐந்து முடிச்சும் ஒரே அச்சு.

"உன் பேலரை வியாழக்கிழமை கொண்டு வா," என்றாள் வெர்னா, கையைத் துடைத்துக்கொண்டே. "இடது பக்க அலகு போன குளிர்காலமே தேய ஆரம்பிச்சிருந்தது. இந்த வருஷம் மாத்தித்தான் ஆகணும். குத்தகைப் பேச்சு வேண்டாம். ஜூன்ல புல்லை நானே கட்டுவேன்."

டுவெயின் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தான்.

இருபது குளிர்காலங்களை மனதுக்குள் புரட்டினான். ஒவ்வொன்றிலும் ஆர்லன் கொட்டகை வாசலில்தான் நின்றிருந்தார். சிரித்துச் சிரித்துப் பேசி, அவனை அங்கேயே நிறுத்திவைத்தார். இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள்.

"அப்ப ஆர்லன்..."

"அவர் நல்லாப் பேசுவார் டுவெயின்," என்றாள் வெர்னா. "கைதான் நடுங்கும். சட்டைப் பொத்தான்கூட நான்தான் போட்டுவிடுவேன்."