நீல வீடு, இடது கைப் பக்கம்

பொன்னேரியில் பார்சல்களை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்கு வரும் சாதிக்குக்கு நாற்பத்து மூன்று வயது. பிறந்து வளர்ந்த ஊரிலேயே வழி தெரியாமல் நிற்பதுதான் அவன் உத்தியோகம்.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு முகவரி என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. ஒருவர் 'லோகநாதன் வீட்டுக்கு எதிர்வீடு' என்று எழுதுவார். லோகநாதனுக்குப் பார்சல் வந்தால், அதில் 'முனியம்மா வீட்டுக்கு எதிர்வீடு' என்றிருக்கும். இன்னொருவர் 'வாசலில் சிவப்பு போட் நிற்கும்' என்பார். அது மீன் பிடிக்கப் போயிருக்கும். போட் கரைக்குத் திரும்பும்வரை அந்த வீடும் ஊரில் இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவள் இந்திராணி. 'லைட்ஹவுஸ் குப்பம், நீல வீடு, இடது கைப் பக்கம்.' அவ்வளவுதான். குப்பத்தில் பாதி வீடுகள் நீலம். போகும்போது இடது கையா, வரும்போதா என்பது அவளுக்கே வெளிச்சம். வாரம் ஒரு ஆர்டர் போடுவாள். சீப்பு, சோப்பு டப்பா, டீ வடிகட்டி. ஐந்து மாதத்தில் ஒன்றைக்கூட அவன் அவள் கையில் கொடுத்ததில்லை. முகத்தையே பார்த்ததில்லை.

ஆனால் குரல் மட்டும் தேன். பார்சல் கிளம்பிவிட்டது என்று தகவல் போனதுமே காத்திருந்தவள் போல, அவன் ஏரிப் பாலத்தை நெருங்கும் நேரத்துக்குச் சரியாகக் கூப்பிடுவாள்.

"பாய், எங்க இருக்கீங்க?"

"பாலத்தாண்டம்மா."

"யாருனா நிக்கிறாங்களா பாருங்க. வழி கேளுங்க."

"போலீஸ்காரங்கதான் வண்டிங்கள செக் பண்ணினு நிக்கிறாங்க. கேக்கட்டா?"

"ஐய, எங்க குப்பத்தப் பத்தி அவங்களுக்கு இன்னா தெரியும்? விடுங்க பாய், வெயில்ல அலையாதீங்க. நாளைக்குக் கொண்டாங்க."

மறுநாள் பாலத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். "அப்டியே நேரா வாங்க" என்பாள். நேரே போனால் அவள் போன் அணைந்திருக்கும். இவன் நாலு நீல வீட்டுக் கதவைத் தட்டி, நாலு பேரிடம் திட்டு வாங்கி நடுத்தெருவில் நிற்பான். அந்த நேரம் பார்த்து மீன் பெட்டி அடுக்கிய வேன் ஒன்று அவன் மேல் புழுதியை வாரிக் கொட்டிவிட்டுப் போகும்.

சாதிக்குக்கு வெறுத்துவிட்டது. அன்று மதியம் இரண்டு மணி வெயிலில் ஒரு முடிவுக்கு வந்தான். பாலத்துக்கே போகவில்லை. பஜார் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். போன வாரம் எடுத்த, பூட்டிய நீலக் கதவின் படம் ஒன்று போனில் இருந்தது. அதைப் போட்டு 'வீடு பூட்டியிருந்தது' என்று பதிந்துவிட்டால் முடிந்தது வேலை.

மாட்டினால் வேலையே முடிந்துவிடும் என்பதும் அவனுக்குத் தெரியும். இதே காரியம் செய்த ஒருவனைப் போன மாதம்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மகள் மலீஹா இப்போதுதான் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

போன் அடித்தது.

"பாய், எங்க இருக்கீங்க?"

"பாலத்து மேலம்மா" என்றான், டீயை உறிஞ்சிக்கொண்டே.

"யாருனா நிக்கிறாங்களா?"

"ஒரு ஈ காக்கா இல்ல."

"நேரா வாங்க."

சாதிக் படத்தை ஏற்றினான். பதிந்தான். இன்னொரு டீ சொன்னான்.

அரைமணி நேரம் கழித்து மறுபடி போன் அடித்தது. இந்திராணிதான். எடுக்கலாமா வேண்டாமா என்று நிமிர்ந்தவன் எதிரே ஒரு போலீஸ் ஜீப் நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர் அர்ச்சனாவின் காதில் ஒரு போன் இருந்தது. அவர் அதை அணைத்ததும் சாதிக்கின் போனும் அடங்கியது.

"ரெண்டு மணிக்குப் பாலத்து மேல இருக்கேன்னு இந்திராணிக்குச் சொன்னது நீதானா?"

ஒரு டீ வடிகட்டிக்குப் போலீஸ்வரை போவாளா ஒருத்தி? சாதிக் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான். "தப்புதான் மேடம். நான் பாலத்துக்கே போவல, பொய் சொல்லிட்டேன். கம்பெனிக்கு மட்டும் சொல்லிடாதீங்க, வேல பூடும்."

"இதையே ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் குடு."

"எழுதினாலும் வேல பூடுமே மேடம்."

"எழுதலன்னா நீயும் அவகூட உள்ள போவ" என்றார் அர்ச்சனா. "வேன்ல மீன் பெட்டிக்கு அடியில நாப்பது மூட்ட ரேஷன் அரிசி. குப்பத்துல போட்ல ஏத்தி ஆந்திராவுக்கு அனுப்புறாங்க. அஞ்சு மாசமா நாங்க பாலத்துல நிக்கிற அன்னிக்கு மட்டும் அந்த வேன் வராது. இன்னிக்கு ஆறு பேரு நிக்கிறோம், நேரா எங்ககிட்டயே வந்து நின்னுச்சி. வேன்லேர்ந்து எறங்கும்போதே இந்திராணி உன்னத்தான் திட்டினா. 'யாரும் இல்லன்னு சொன்னானே அந்தப் பார்சல் பாய்'னு."

சாதிக் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான்.

"அஞ்சு மாசமா ஒழுங்கா உண்மைய சொன்னதுக்கு உன்ன உள்ள தள்ளணும். இன்னிக்குப் பொய் சொன்ன, பொழச்ச. ஏறு வண்டியில."

ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். வேலை போவதற்குள் இந்த ஒரு பார்சலையாவது உரியவரிடம் சேர்த்துவிடலாம் என்று, பையிலிருந்த டீ வடிகட்டியை எடுத்தான். இந்திராணி எங்கே இருக்கிறாள் என்று ஏட்டையாவைக் கேட்டான்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "உள்ள போ. நீலக் கம்பிக் கதவு, இடது கைப் பக்கம்."