முதல் டப்பா

மலத்தில் ரத்தம் கலந்திருப்பதாக ஜெனி சொன்னதும் குற்றாலிங்கம் அண்ணாச்சி சிரித்தார்.

லேசாக இல்லை. வயிறு குலுங்க.

ஜெனி சுகாதார நிலையத்து நர்ஸ். இதே முடிவு வந்த மற்ற மூன்று பேருக்கும் போனில்தான் சொன்னாள். இவர் கடைவீதி வியாபாரிகள் சங்கத் தலைவர் என்பதால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்திருந்தாள்.

குடல் புற்றுநோய் பரிசோதனை முகாமைத் தொடங்கி வைத்தவரே அவர்தான். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த நேரம். மாலை போட்ட கழுத்தோடு மைக்கைப் பிடித்து, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அரைமணி நேரம் முழங்கினார். மறுநாள் காலையில் பரிசோதனைக்கு மலம் எடுத்த முதல் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே. கொடுக்கும்போது கேமராவைப் பார்த்தார். படம் பேப்பரில் வந்தது.

"சிரிக்கிற விஷயமில்ல அண்ணாச்சி. ரத்தம் வந்தாலே புற்றுநோய்னு இல்ல. ஆனா குழாய் விட்டு உள்ள பாத்துரணும். வியாழக்கிழம தென்காசி பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க."

"அடப் போம்மா, அது என்னுது இல்ல." அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கருமத்த யாரு தொடுவா? டப்பாவ இவகிட்ட குடுத்து, உன்னுத எடுத்துத் தாட்டின்னேன். எனக்கு ஒண்ணும் கிடையாது!"

சொல்லிவிட்டு நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

அவர் 'இவ' என்றது அவர் மனைவி சங்கரம்மாளை. அவள் காபித் தட்டோடு அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அண்ணாச்சியின் முகம் மாறியது. உறைத்துவிட்டது என்று ஜெனி நினைத்தாள்.

"ஏம்மா, இது வெளிய தெரிய வேண்டாம், கேட்டியா? பேப்பர்லல்லாம் போட்டோ வந்திருக்கு."

பதினெட்டு வருஷ நர்ஸ் வேலையில் ஜெனி பார்க்காத அசிங்கமில்லை. இது புதுசு.

அவரைத் தாண்டிப் போய் சங்கரம்மாளின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அக்கா, பயப்படாதீங்க..."

சங்கரம்மாள் பயந்தவளாகத் தெரியவில்லை.

"ஆறு மாசமா ரத்தம் போவுதும்மா. இவருகிட்ட சொன்னேன். உடம்புச் சூடு, அருவில போயிக் குளின்னாரு. குளிச்சேன்."

அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அதான் டப்பாவ நீட்டுனதும் மறுபேச்சு பேசாம வாங்கிக்கிட்டேன். தலைவர் பேருல ரத்தம்னா வீடு தேடி ஆளு வரும்லா?"